அத்தியாயம் 7: வால் ஒன்று, வாசல் வேறு

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம், "அண்ணே, காரகம் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். "காரகமா? அது எந்தப் பக்கம் சார்?" என்பார். தினமும் பத்துத் தடவை அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்தான். "உலகளந்த பெருமாள் கோயில்" என்றால் மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்புவார்.

இந்த ஊரில் ஒரு கோயிலுக்குக் குறைந்தது மூன்று பெயர் உண்டு. பாட்டில் ஒன்று, சுவாமிக்கு ஒன்று, தெருவில் ஒன்று. தலயாத்திரைப் பட்டியல்கள் பாட்டுப் பெயரைத்தான் அச்சடிக்கின்றன. அந்தப் பெயர்களோ ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் மாதிரி ஒலிக்கும்: ஊரகம், நீரகம், காரகம், பாடகம், மேற்றளி, ஓணகாந்தன்தளி, தண்கா, வெஃகா, வேளுக்கை, ஓரிக்கை. பட்டியல் கையில் இருந்தும் ஒரே கோயிலுக்கு இரண்டு தடவை போய், இன்னொன்றைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் கோயில்களைத் தெரு வரிசையிலோ தெய்வ வரிசையிலோ அடுக்கவில்லை. பெயரின் வாலை வைத்துச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் வால் அது என்ன மாதிரி இடம் என்று சொல்லிவிடும். எந்த இடம் என்பதைத் தலை சொல்லும். சில பெயர்களில் மட்டும் வால் ஏமாற்றும். அவற்றில்தான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

நாலு 'அகம்', இரண்டு வாசல்

108 திவ்ய தேசங்களில் 14 காஞ்சி நகருக்குள்ளேயே இருக்கின்றன. பதினைந்தாவதான திருப்புட்குழி ஊருக்கு வெளியே, பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம். பதினான்கு என்றதும் மலைத்துப்போக வேண்டாம். ஊரகம், நீரகம், காரகம் மூன்றும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கின்றன. நாலாவதாகக் கார்வானமும் அங்கேயே. உலகளந்த பெருமாள் கோயில் வாசலில் ஒரு தடவை செருப்பைக் கழற்றினால் நாலு திவ்ய தேசம் சேவித்தாகிவிடும்.

இவற்றில் ஊரகம்தான் மூலக்கோயில். திரிவிக்கிரமராக நிற்கும் பெருமாளின் திருமேனி சுமார் 35 அடி உயரம். கருவறைக்குள் கிட்டத்தில் போனபின் முகத்தைப் பார்க்கக் கழுத்தை நன்றாக அண்ணாந்தாக வேண்டும். பக்கத்திலேயே ஆதிசேஷனாக எழுந்தருளியிருக்கும் சிறு சந்நிதியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 'உரகம்' என்றால் பாம்பு. ஊரகமும் உரகமும் ஓர் எழுத்தின் நீளத்தில்தான் வேறுபடுகின்றன என்பதை இந்தத் தலத்துக் கதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. பாதாளத்தில் இருந்த மகாபலிக்கு உலகளந்த கோலத்தை முழுதாகக் காண முடியவில்லை. அவனுக்காகப் பெருமாள் பாம்பாகிச் சிறுத்து நின்றார் என்பது கதை.

நீரகம், காரகம், கார்வானம் மூன்றும் பிராகாரத்தில் உள்ள தனித்தனிச் சிறு சந்நிதிகள். பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே சுற்றுங்கள். அவசரமாகச் சுற்றினால் மூன்றையும் உபசந்நிதி என்று நினைத்துக் கைகூப்பிவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள். அப்புறம் நீரகம் எங்கே என்று ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கும்.

இந்த மூன்று பெயரும் எப்படி இவ்வளவு ஒத்துப்போயின? எதுகைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தில் ஒரே பாசுரத்துக்குள் காஞ்சித் தலங்கள் பல வரிசையாக வந்து விழுகின்றன. அதன் நாலு அடிகளும் நீரகம், ஊரகம், காரகம், பேரகம் என்ற பெயர்களில் தொடங்குகின்றன. முதல் எழுத்து மாற, இரண்டாம் எழுத்தான 'ர' மாறாமல் நிற்கிறது. மனப்பாடம் செய்பவருக்கு வசதி. யாத்திரை போகிறவருக்கு ஒரு கண்ணி: நாலாவதான பேரகம் காஞ்சியில் இல்லை. அது காவிரிக்கரை. கல்லணைக்குப் பக்கத்தில் கோவிலடி என்று இன்று வழங்கும் திருப்பேர்நகரையே அது குறிக்கும் என்பர். காஞ்சியில் பேரகத்தைத் தேடி வெயிலில் அலைய வேண்டாம்.

பாடகம் இந்த எதுகைக்குள் வராத 'அகம்'. இரண்டாம் எழுத்தே வேறு, வாசலும் வேறு. ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து நடந்தே போகலாம். கேட்க வேண்டிய பெயர் பாண்டவதூதப் பெருமாள் கோயில். துரியோதனன் சபைக்குத் தூது போன கண்ணன் இங்கே பெரிய உருவில் அமர்ந்திருக்கிறார். பாண்டவர்களுக்காகத் தூது போனவனை நிலவறை மேல் ஆசனம் போட்டு உட்கார வைத்த கதை நினைவிருக்கும். அதனால் இது நின்ற கோலமாக இல்லாமல் உட்கார்ந்த கோலமாக இருப்பது பொருத்தமே. உலகளந்தவரை நின்ற நிலையில் பார்த்த அன்றைக்கே இவரையும் பார்த்துவிட்டால் இரண்டு 'அகம்' குழப்பமும் அதோடு தீரும்.

'கார்' என்ற தலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காரகம், கார்வானம் என்ற இரண்டும் உலகளந்த பெருமாள் கோயிலுக்குள். பட்டியலில் இவற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் காரைக்காடு சிவத்தலம். இருப்பது ஊரின் வேறொரு மூலையில், திருக்காலிமேட்டில். அங்கே இருப்பது கார்மேகம் இல்லை, காரைச் செடி.

இரண்டு வண்ணம்

பவளவண்ணர் கோயில் பெரிய காஞ்சியில். சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் சின்ன காஞ்சியில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில். தொலைபேசி வரைபடத்தில் 'வண்ணம்' என்று மட்டும் தட்டினால் எந்தக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது.

முதலாவதில் வண்ணம் என்பது நிறம். பவளம் போலச் சிவந்தவர். அவருக்கு எதிர்ப்பக்கமே பச்சைவண்ணருக்கும் தனிக்கோயில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சேவிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். பச்சைவண்ணர் கோயில் 108 பட்டியலில் வராது என்பதால் வெளியூரார் விட்டுவிடுகிறார்கள். தெருவைக் கடந்தால் போதும், விடாதீர்கள்.

இரண்டாவதில் வண்ணம் என்பது விதம். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ அரசன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போனபின் தனக்கு இங்கே என்ன வேலை என்று ஆழ்வார் கிளம்பினார். போகிற போக்கில் பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாள் சொன்ன வண்ணம் செய்தார். அரசன் பணிந்து அழைத்ததும் மூவரும் திரும்பினார்கள். ஆழ்வார் சொன்னபடி பெருமாள் மறுபடி பாயை விரித்துப் படுத்தார். வழக்கமாகப் பள்ளிகொள்ளும் பக்கத்துக்கு மாறான பக்கத்தில் தலை வைத்துப் படுத்திருப்பார். திரும்பி வந்தபின் படுத்த படுக்கை அது என்பார்கள் அங்கே உள்ளவர்கள். சமஸ்கிருதத்தில் யதோக்தகாரி. ஆட்டோவில் 'எதோத்காரி கோயில்' என்றாலும் நடக்கும்.

இந்தத் தலத்தின் பாட்டுப் பெயர்தான் வெஃகா. பொய்கையாழ்வார் அவதரித்த இடம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையிலேயே பாம்பணையில் பள்ளிகொண்டவனைப் பற்றிய குறிப்பு வருகிறது. காஞ்சிக் கோயில்களில் இவ்வளவு பழைய இலக்கியச் சாட்சி உள்ளவை அதிகம் இல்லை.

வெஃகாவை ஒட்டி வரும் இன்னொரு 'கா' தண்கா. வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புலில் உள்ள விளக்கொளிப் பெருமாள் கோயில் அது. தண்கா என்பதில் உள்ள கா சோலை. வெஃகாவில் உள்ளது சோலை இல்லை என்கிறது தலபுராணம்: வேகவதி ஆற்றுக்குக் குறுக்கே பெருமாள் அணையாகக் கிடந்த 'வேகவணை' தேய்ந்து வெஃகா ஆயிற்றாம். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். வழி கேட்கும்போது மட்டும் ஒன்றை 'தூப்புல்' என்றும் மற்றதை 'எதோத்காரி' என்றும் கேளுங்கள்.

இருக்கை ஒளிந்திருக்கும் இரண்டு பெயர்

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இதுதான். வேளுக்கை, ஓரிக்கை. பார்த்தால் எந்த அர்த்தமும் தெரியாத வால். இரண்டிலும் ஒளிந்திருப்பது 'இருக்கை'. நரசிம்மர் தாமே விரும்பித் தங்கிய இடம் வேள் இருக்கை. அது வேளுக்கை ஆயிற்று. கணிகண்ணனோடும் ஆழ்வாரோடும் ஊரைவிட்டு வெளியேறிய பெருமாள் ஓர் இரவு தங்கிய இடம் ஓர் இரவு இருக்கை. அது ஓரிக்கை ஆயிற்று. மொழியியலாளர் இதை அப்படியே ஏற்பாரா என்பது வேறு சங்கதி. ஆனால் கதையும் ஊரும் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துவது அபூர்வம். சொன்னவண்ணம் செய்தவரின் கதை கிளம்புவது வெஃகாவில். இரவு தங்குவது ஓரிக்கையில். அதே வரிசையில் நீங்களும் போகலாம்.

வேளுக்கை அழகிய சிங்கர் கோயில், அட்டபுயகரம், தூப்புல் மூன்றும் ஒன்றுக்கொன்று நடை தூரம். காலையில் இந்த மூன்று, பிறகு வரதராஜர், எதோத்காரி என்று வைத்துக்கொண்டால் உச்சிப் பொழுதுக்கு நடை சாத்துமுன் சின்ன காஞ்சிப் பக்கம் முடிந்துவிடும். ஓரிக்கை பாலாற்றுப் பக்கம், ஊருக்குத் தெற்கே. அங்கே பெரும்பாலானவர்கள் இப்போது போவது காஞ்சி மகாபெரியவருக்குக் கருங்கல்லில் எழுப்பிய மணிமண்டபத்தைப் பார்க்க. வண்டிக்காரரும் ஓரிக்கை என்றதும் நேராக அங்கேதான் கொண்டுபோய் விடுவார். பழைய பெருமாள் கோயிலும் வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

கச்சி என்ற தலை

சிவத்தலங்களில் கதை மாறுகிறது. இங்கே ஒத்துப்போவது தலை. தேவாரப் பாடல் பெற்ற ஐந்தில் நான்கு கச்சி என்று தொடங்கும்: கச்சி ஏகம்பம், கச்சி மேற்றளி, கச்சி அனேகதங்காவதம், கச்சிநெறிக் காரைக்காடு. ஐந்தாவது ஓணகாந்தன்தளி.

தலையில் கச்சி ஏன் வேண்டும் என்பதற்கு அனேகதங்காவதமே பதில். அதே பெயரில் இன்னொரு பாடல் பெற்ற தலம் வடநாட்டில், இமயத்தில் கௌரிகுண்டம் பக்கம் இருக்கிறது. அதைச் சம்பந்தர் பாடினார், இதைச் சுந்தரர். காஞ்சியில் இருப்பது கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியில், கூட்டமே இல்லாத சிறிய கோயில்.

தளி என்றால் கோயில். வேறு மர்மம் இல்லை. கும்பகோணம் பக்கம் போனால் பழையாறை வடதளி. இங்கே மேற்றளி, அதாவது மேற்குக் கோயில். பிள்ளையார்பாளையத்துக்குள் இருக்கிறது. ஓணகாந்தன்தளி பஞ்சுப்பேட்டையில், ஒரே கோயிலுக்குள் மூன்று லிங்கங்கள் தனித்தனிச் சந்நிதிகளில். அடியார்க்குப் பொன் கொடுக்காத கடவுளைச் சுந்தரர் சற்றுக் கிண்டலாகவே பாடிய இடம்.

கச்சபேசுவரர் கோயில் பேருந்து நிலையத்துக்கு அருகில். பெயர் கச்சியோடு ஒத்தாலும் அது பாடல் பெற்ற ஐந்தில் ஒன்று இல்லை. கச்சபம் என்பது ஆமை. திருமால் ஆமை வடிவில் சிவனை வழிபட்ட இடம்.

பரமேச்சுர விண்ணகரமும் இதே மாதிரிதான் ஆளை ஏமாற்றும். பரமேச்சுரம் என்று கண்ணில் பட்டதும் சிவன் கோயில் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். விண்ணகரம் என்ற வாலைப் பாருங்கள். அது திருமால் கோயிலுக்கு உரியது. சீர்காழிக் காழிச்சீராம விண்ணகரம், நாங்கூர் அரிமேய விண்ணகரம் எல்லாம் அந்த வால்தான். பரமேச்சுரன் என்பது பல்லவ அரசனின் பெயர். தெருவில் வைகுண்டப் பெருமாள் கோயில் என்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. உள்சுற்றுச் சுவரில் பல்லவ வம்சத்தின் கதையே வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. சின்னப் பையனாக இருந்த நந்திவர்மனை அழைத்துவந்து அரசனாக்குவது வரை அதில் உண்டு. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாலைச் சாய்வெளிச்சம் இருந்தால் நல்லது. உச்சி வெயிலில் மணற்கல்லில் தேய்ந்த உருவங்கள் தட்டையாகிவிடும்.

மறுபக்கமாக, இரண்டு திவ்ய தேசங்கள் பிற தெய்வங்களின் வீட்டுக்குள் இருக்கின்றன. நிலாத்திங்கள் துண்டம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள். கள்வனூர் காமாட்சியம்மன் கோயிலுக்குள். தனியாகத் தேட வேண்டாம்.

ஒரே எழுத்தில் ஜனனமும் மரணமும்

கைலாசநாதர் கோயில் பக்கம் இரண்டு சிறிய பல்லவர் கோயில்கள். ஒன்று பிறவாத்தானேசுவரர், மற்றது இறவாத்தானேசுவரர். 'ப்' என்ற ஒற்றை மெய் மட்டும்தான் இரண்டு பெயருக்கும் வேறுபாடு. பிறவாமை வேண்டுபவர் ஒன்றிலும், இறவாமை வேண்டுபவர் மற்றதிலும் வணங்கலாம். இரண்டையும் ஒரே நாளில் கேட்பது நியாயமா என்று தெரியவில்லை; ஆனால் கூப்பிடு தூரம்தான். இரண்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. கைலாசநாதரைப் பார்த்துத் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் இவற்றின் முன் நிற்பதில்லை. நீங்கள் ஆட்டோவில் வந்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கோட்டம் என்ற வாலைப் பற்றி ஒரு சொல். காமக்கோட்டம், குமரக்கோட்டம் இரண்டும் கோயில்கள். குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய மண்டபத்தைக் காட்டுவார்கள். ஆனால் கல்வெட்டில் எயிற்கோட்டம் என்று படித்தால் அதற்குக் கோயிலைத் தேடாதீர்கள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று அது. இந்தக் காலத்துத் தாலுகா, மாவட்டம் மாதிரி ஆட்சிப் பிரிவு.

தறி இருக்கும் வால்கள்

கோயில் வால்கள் முடிந்தன. இனி பட்டு.

தறியைப் பார்க்க வேண்டுமானால் பாளையம், பேட்டை என்று முடியும் பெயர்களைப் பின்தொடருங்கள். நகருக்குள் பிள்ளையார்பாளையம். மேற்றளிக்கு எப்படியும் அங்கே போவீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். யாரும் கதவைச் சாத்தி வைப்பதில்லை, ஆனால் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். "அக்கா, தறி பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரச் சொல்வார்கள். கோர்வை நெய்யும் தறியில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓடும். நெய்பவருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவரோடு பேச்சுக் கொடுங்கள். நெய்பவரை விட்டுவிடுங்கள், அவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

பேட்டையைப் பேட்டு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். ரெட்டைப்பேட்டு என்பது இரண்டு பக்கக் கரையும் வேறு வேறு நிறத்தில் உள்ள சேலை. ஒரே சேலையை இரண்டு விதமாகக் கட்டிக்கொள்ளலாம் என்பதால் ஒரு தலைமுறைக்கு முன் வீடுகளில் அதற்கு மவுசு அதிகம். இப்போதும் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். கேட்காவிட்டால் மேலே இருக்கும் அடுக்கிலிருந்து இறங்காது.

கடையில் உங்களுக்கு உதவும் வால்கள் இரண்டு. 'கட்டம்' என்று முடிந்தால் உடல் முழுக்கக் கட்டங்கள்: முத்துக்கட்டம், பாலும் பழமும் கட்டம். 'கண்' என்று முடிந்தால் சிறிய கண் போன்ற புள்ளி வடிவம்: மயில்கண், குயில்கண். இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொல்லிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளரிடம் விற்பனையாளரின் பேச்சுத் தொனியே மாறுவதைக் காண்பீர்கள். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்ற பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் விலை எழுதி ஒட்டியிருக்கும். பேரம் பேசத் தெரியாதவர்கள் அங்கே தொடங்கலாம்.

பலகைகளில் காஞ்சிபுரம் பட்டு, காஞ்சீவரம் பட்டு என்று இரண்டும் எழுதியிருக்கும். வேறு வேறு ரகம் இல்லை. பல்லவபுரம் பல்லாவரம் ஆனது போல 'புரம்' வாயில் தேய்ந்து 'வரம்' ஆன கதைதான். வெள்ளைக்காரர் ஆவணங்களில் அந்த உச்சரிப்பே நிலைத்துவிட்டது. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு. ஆகவே பலகையில் எந்த வால் இருக்கிறது என்று பார்ப்பதைவிடச் சேலையோடு சில்க் மார்க் அட்டை இருக்கிறதா, ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று எழுதித் தருவார்களா என்று கேளுங்கள்.

செங்கல்பட்டு என்ற பெயரில் உள்ள பட்டு சேலைப் பட்டு இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். செங்கழுநீர்ப்பட்டு என்பது பழைய பெயர். அந்தப் பட்டு நிலத்தைச் சேர்ந்தது. 1997 வரை காஞ்சிபுரமே செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்துபோனது. பழைய வழிகாட்டி நூல்களில் முகவரி மாறியிருப்பது இதனால்தான்.

கடைத் தெரு என்றால் காந்தி ரோடு. அதோடு பில்களில் 'டி.கே.நம்பி தெரு' என்று பார்ப்பீர்கள். ஏதோ பழைய வக்கீல் பெயர் போல இருக்கிறது அல்லவா? திருக்கச்சி நம்பி. வரதராஜருக்கு விசிறி வீசியவர், இராமானுசர் மதித்த பெரியவர். கச்சி என்ற தலை இங்கே இரண்டு எழுத்துச் சுருக்கத்துக்குள் போய்விட்டது.

கிராமத்துத் தறிகளைப் பார்க்க நேரம் இருப்பவர்கள் வாலாஜாபாத் சாலையில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் போகலாம். முத்தியால்பேட்டை என்று தேடும்போது மட்டும் கவனம். சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு முத்தியால்பேட்டை, புதுச்சேரியில் ஒன்று. இங்கே வாலும் ஒன்று, தலையும் ஒன்று. எழுத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் "வாலாஜாபாத்துக்கு முன்னாடி வர்ற முத்தியால்பேட்டை" என்று சொல்லிச் சீட்டு வாங்குங்கள். மத்தியான வெயிலுக்கு முன் போய்ச் சேருவது நல்லது. சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றுவிடும்.